ஹார்ட் டிஸ்க் காப்பி: 180-இல் தொடங்கி 20-க்கு ஏன் விழுகிறது?

[திரையில்: விண்டோஸ் காப்பி பெட்டி. பச்சைக் கோடு உயரத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சரிகிறது.]

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோ ஒன்றில் பத்துமலைத் தைப்பூச வீடியோ 2 டிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்ட்டபிள் டிஸ்க்கில் போன வருடக் கோப்புகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இதைக் காப்பி போடுகிறார்கள். வேகம் வினாடிக்கு 180 எம்பியில் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் 120. பிறகு 20, 30, நடுநடுவே பூஜ்யம். உடனே டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கோடு எப்படி விழுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் தெரிந்த 180 எழுதும் வேகமே அல்ல. விண்டோஸ் தரவை வாங்கி ரேமில் அடுக்கிக்கொள்கிறது. ரேமில் அதற்கான இடம் நிரம்பியதும் டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளியே தெரிகிறது. அதுதான் அந்த 120.

[திரையில்: தட்டின் மேல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் படம்.]

அடுத்த சரிவுக்குப் பெரும்பாலும் எஸ்எம்ஆர் என்ற பதிவு முறைதான் காரணம். இதில் தடங்கள், அதாவது தட்டில் தரவு எழுதப்படும் வட்டக் கோடுகள், கூரை ஓடுபோல் ஒன்றின் ஓரத்தில் மற்றொன்று ஏறி நிற்கும். நடுவில் ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடம் அழியும். அதனால் அந்தக் கட்டு முழுவதையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். இதைத் தள்ளிப்போட டிஸ்க்கிலேயே ஒரு தற்காலிகப் பகுதி உண்டு. அது நிரம்பும் வரை எல்லாம் சுகம். நிரம்பியபின், அதைக் காலி செய்துகொண்டே புதியதையும் வாங்க வேண்டிய நிலை. வேகம் 20-க்கு வருவது இங்கேதான். புது டிஸ்க்கில் பெரிய கோப்புகளை வரிசையாக எழுதும்போது இது அவ்வளவாகத் தெரியாது. அழித்து எழுதும்போது நன்றாகத் தெரியும். 2 டிபிக்கு 130 எம்பி வேகத்தில் சுமார் நாலேகால் மணி நேரம் போதும். 30 எம்பியில் பதினெட்டரை மணி நேரம்.

2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசை டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருப்பது வெளியே தெரிந்து சர்ச்சையான பிறகுதான், தயாரிப்பாளர்கள் எந்த மாடலில் அது இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோ யாட்டில் வாங்கப் போனால் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். அடிக்கடி அழித்து எழுதும் வேலைக்கு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க் வாங்குங்கள்.

சின்னக் கோப்புகள் தனிக் கதை. 50 கேபி அளவில் ஒரு லட்சம் படங்கள் என்றால் மொத்தம் 5 ஜிபிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஹெட், அதாவது தட்டில் படித்து எழுதும் முனை, நகர்ந்து கோப்பையும் எழுதி, எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் அட்டவணையையும் திருத்த வேண்டும். கோப்புக்கு 20 மில்லி வினாடி என்றாலே அரை மணி நேரத்துக்கு மேல். அதே 5 ஜிபி ஒரே கோப்பாக இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கோப்புகளைக் கட்டும் செவன்-ஜிப் செயலியில் சுருக்காமல் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

தொடக்கத்திலிருந்தே 40-ஐத் தாண்டவில்லையா? யூஎஸ்பி 2 துளையில் செருகியிருப்பீர்கள், அல்லது கேபிள் சரியில்லை.

ஒரே கோப்பில் வந்து நின்று, டக் டக் என்று சத்தமும் கேட்டால் விஷயம் வேறு. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலியைத் திறந்து சி5 வரியில் ரா வேல்யூஸ் எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் படிக்க முடியாத செக்டர்கள், அதாவது தட்டின் சிறு துண்டுகள், இருக்கின்றன. இருப்பதில் முக்கியமானதை முதலில் எடுத்துவிடுங்கள். விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்தினால் ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 கட்டாயம் சேர்க்கவும்; மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு வினாடி என்று அர்த்தம். சேர்க்காவிட்டால், படிக்க முடியாத ஒரே கோப்பை 30 வினாடிக்கு ஒருமுறை, பத்து லட்சம் தடவை வரை முயன்றுகொண்டிருக்கும்.

[திரையில்: 100 சதவீதம். டிஸ்க் விளக்கு இன்னும் மினுக்குகிறது.]

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் காப்பி முடிந்ததும் வயரைப் பிடுங்காதீர்கள். உள்ளே இடம் மாற்றும் வேலை இன்னும் ஓடுகிறது. பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டு, இடையில் கொஞ்ச நேரம் மின்சாரத்தோடு சும்மா விட்டுவைத்தால், அடுத்த தவணை மறுபடி வேகமாகத் தொடங்கும்.