சுவருக்கு மருந்து உண்டு, சித்திரத்துக்கு யார்?

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட எலும்பு மருத்துவர் அவர்களே, முதியோர் இல்லங்களிலிருந்து வேனில் வந்திருக்கும் பெரியோர்களே, அவர்களைக் கைப்பிடித்து இறக்கிவிட்ட சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். நலம் என்று எதைச் சொல்வது, அதில் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளப் பழக்கும் சிகிச்சைக்கு என்ன வேலை, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது என்பவையே அவை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பெரியவர்கள் வாக்கு. மேடைக்கு மேடை இதையே சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்; இன்றும் சொல்லத்தான் போகிறேன். நோயும் நலிவும் இல்லாதிருப்பது மட்டுமே நலமாகிவிடாது, உடலாலும் மனத்தாலும் சமூகத்தாலும் முழுமையாக நன்றாயிருப்பதே நலம் என்று 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் கூறுகிறது. உயர்ந்த கொள்கைதான். ஆனால் அந்த ‘முழுமை’யை வைத்து அளந்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்குகிற நம்மில் ஒருவர்கூடத் தேறமாட்டோம். 2011இல் நெதர்லாந்து மருத்துவர் மாக்தெல்ட் ஹ்யூபரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் கேள்வி கேட்டார்கள். வருகிற இடர்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறனையே நலம் என்று கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

எங்கள் தெருவில் அரிசி மண்டி நடத்திய பெரியவர் ஒருவர் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி, ஸ்கேன், அழுத்தம், சர்க்கரை எல்லாம் கட்டுக்குள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கழிப்பறையோ கொல்லையில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மருமகளைக் கூப்பிடக் கூசிய மனிதர், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். சிறுநீரில் தொற்று வந்து மறுபடியும் படுத்தார். அதன் பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நாடியைப் பிடிக்கவில்லை. “ஐயா, உங்களுக்கு என்ன செய்ய ஆசை?” என்று கேட்டார். பெரியவர் சற்றும் தயங்காமல், “என் வெற்றிலையை நானே மடிச்சுப் போடணும்” என்றாரே பார்க்கலாம்! “இதுக்கா ஒரு டாக்டரம்மா?” என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. புகையிலை கூடாது என்று முதலில் கறாராகச் சொல்லிவிட்டு, ஒரு பலகையில் சுண்ணாம்பு டப்பாவை நகராமல் பொருத்தி, வெற்றிலையின் காம்பைப் பிடித்துக்கொள்ளத் துணிக் கிளிப் ஒன்றையும் மாட்டி, இடது கையால் தடவி மடிக்கப் பழக்கினார். அதே கையோடு கொத்தனாரை வரவழைத்துக் கழிப்பறைச் சுவரில் கம்பி பதிக்கச் செய்தார், படிகளைச் சரிவாக்கினார், கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினார். தீபாவளிக்குப் பெரியவர் மண்டிக் கல்லாவில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் மடித்துக் கொடுத்தார்! மாத்திரை ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் நலமாக இருந்தாரா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம், மறுக்கவில்லை. உடம்பென்னும் சுவருக்குப் பூச்சு பூச ஏற்பாடு செய்த நாம், அன்றாட வாழ்வென்னும் சித்திரத்தை எழுத உதவுகிறவருக்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை என்பதே என் வழக்கு. குளிப்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து இடம் மாறுவது, மலசலத்தை அடக்குவது, உண்பது ஆகிய ஆறையும் கொண்டு முதியோரின் நிலையை அளக்கும் காட்ஸ் அளவுகோல் 1963இலேயே வந்துவிட்டது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியால் வேலூரில் 1966இல் கைகால் செயலிழந்தோருக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே இது நமக்குப் புதிய சங்கதியன்று. ஜப்பானில் 2000இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, வீட்டில் கைப்பிடிக் கம்பி பதிக்கவும் படியைச் சமன்செய்யவும் ஆகும் செலவில் பெரும்பங்கை ஏற்கிறது. நடுவணரசு 2024இல் 70 வயது நிறைந்தோருக்கு விரிவாக்கிய காப்பீடோ ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கே உரியது. இடுப்பெலும்பு முறிந்தால் அதில் பணம் உண்டு. முறியாமல் காக்கிற கம்பிக்கு இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது, மனமாரப் பாராட்டுகிறேன். அந்தக் குழுவுடன் வட்டாரத்துக்கு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் செல்ல வேண்டும், கம்பிக்கும் சரிவுக்கும் சிறு மானியம் தர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பராமரிப்போர் பற்றிய மூன்றாவது செய்திக்கு வருவதற்குள் தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அந்த மருமகளைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்திட முடியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் இணை இயக்குநர் அவர்களிடமே அதை ஒப்படைக்கிறோம்.