நெஞ்சைத் திறக்காமல் நெறிக்குள் போகும் ஊசி

[திரையில்: நெஞ்சின் படம். நடுவே மூச்சுக்குழாய், அதை ஒட்டிச் சின்னச் சின்ன மணிகள்]

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தடவினாலே கையில் தட்டுப்படும். நுரையீரலுக்கும் இப்படி நெறிகள் உண்டு. ஆனால் அவை இருப்பது நெஞ்சின் நடுவில், மூச்சுக்குழாயை ஒட்டி, இதயத்துக்கும் பெரிய ரத்தக்குழாய்களுக்கும் பக்கத்தில். அங்கே கை எட்டாது.

நுரையீரலில் கட்டி என்று சிடி ஸ்கேனில் தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது கேன்சரா?" இரண்டாவது கேள்வியும் அதே அளவு முக்கியம்: "எதுவரை போயிருக்கிறது?" ஆபரேஷன் செய்யலாமா, மருந்தும் கதிர்வீச்சும் முதலில் வேண்டுமா என்பது பெரும்பாலும் அந்த நெறிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்கேனை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. சிடியில் ஒரு நெறியின் குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரிது என்கிறார்கள். காசநோயிலும், கேன்சர் அல்லாத சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயிலும்கூட நெறி பெரிதாகும். செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரவும் செய்யும். 6 மில்லிமீட்டர் நெறிக்குள் கேன்சர் செல் ஒளிந்திருப்பதும் உண்டு. ஒளிர்ந்ததைப் பார்த்தே "பரவிவிட்டது" என்று மனம் உடைந்துபோகிறவர்களை நினைத்துத்தான் இந்த வீடியோ. செல்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வரை அது முடிவு இல்லை.

[திரையில்: கழுத்தடியில் சிறு வெட்டு, வரைபடமாக]

முன்பு இதற்கு ஒரே நல்ல வழி மீடியாஸ்டினோஸ்கோப்பி. 1959-ல் கார்லென்ஸ் என்ற மருத்துவர் எழுதிய முறை. முழு மயக்கம் கொடுத்து, கழுத்தடியில் வெட்டி, அந்த வழியாக உள்ளே போய் நெறியை எடுப்பார்கள். இன்றும் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் இப்போது பெரும்பாலும் முதலில் செய்வது ஈபஸ். மூச்சுக்குழாய்க்கு உள்ளே இருந்தே அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடுவது. இந்த முறையில் நெறியை நேரில் பார்த்துக்கொண்டே ஊசி போட்ட அனுபவத்தை 2004-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

[திரையில்: குழாயின் நுனி, மிக அருகில்]

இந்தக் குழாயின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். நுனியில் ஒரு கேமரா, ஒரு சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி. அல்ட்ராசவுண்டுக்குக் காற்று ஆகாது, மூச்சுக்குழாயிலோ முழுக்கக் காற்று. அதனால் நுனியைச் சுவரோடு அழுத்தி வைப்பார்கள். தேவைப்பட்டால் நுனியில் இருக்கும் குட்டி பலூனில் உப்புநீர் நிரப்புவார்கள். காற்று விலகியதும் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியத் தொடங்கும்.

திரையைப் பாருங்கள். கறுப்பாக ஒரு முட்டை வடிவம், அதுதான் நெறி. பக்கத்தில் இன்னொரு கறுப்பு வட்டம். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரை ஆன் செய்தால் அதில் நிறம் பாய்கிறது. அது ரத்தக்குழாய், அங்கே ஊசி போகக் கூடாது. இப்போது 0.7 மில்லிமீட்டர் ஊசி, வெள்ளைக் கோடாக, நெறிக்குள் நுழைகிறது. ஊசிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை அசைத்து, வழியில் ஒட்டிய சுவர்த் துணுக்கைத் தள்ளிவிட்டு, கம்பியை உருவுகிறார்கள். பிறகு ஊசியை நெறிக்குள்ளேயே 10, 15 தடவை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். எடுத்ததில் ஒரு சொட்டு கண்ணாடி ஸ்லைடுக்கு, மீதி குப்பிக்கு.

எந்த நெறியில் முதலில் குத்துவது? இதில்தான் ஒழுங்கு முக்கியம். கட்டி வலது பக்கம் என்றால், முதலில் இடது பக்கத்து நெறி. அதில் கேன்சர் இருந்தால் என்3 (N3), அதாவது நெறிகளில் எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்லும் அளவில் கடைசிப் படி. அடுத்து நடு நெஞ்சில் கட்டி இருக்கும் பக்கத்து நெறிகளும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ளதும். அவை என்2. கடைசியாகத்தான் கட்டி உள்ள நுரையீரலின் வாசலில் இருப்பவை, என்1. அதாவது தூரத்தில் தொடங்கி கட்டியை நோக்கி வருகிறார்கள். மாற்றிச் செய்தால், கட்டிக்குப் பக்கத்தில் குத்திய ஊசியில் ஒட்டிய நாலு செல் எதிர்ப்பக்கத்து நெறியின் மாதிரியில் கலந்துவிடலாம். ஆபரேஷனுக்குத் தகுதியான ஒருவர் தவறாக என்3 ஆகிவிடுவார். ஒரு சொட்டில் ஒருவரின் சிகிச்சையே மாறிப்போகும்.

சரி, நோயாளிக்கு எப்படி இருக்கும்? முந்தைய சில மணி நேரம் பட்டினி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. தொண்டையை மரக்கச் செய்து, தூக்க மருந்தோ முழு மயக்கமோ கொடுப்பார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். தொண்டை கரகரக்கும், சளியில் லேசாக ரத்தம் தெரியலாம். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ரத்தம் அதிகமாக வருவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரை அழையுங்கள்.

எல்லா நெறியும் ஈபஸுக்கு எட்டாது. சிலவற்றை உணவுக்குழாய் வழியாகப் பார்க்கலாம். நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் கட்டிக்கு வேறு முறைகள் இருக்கின்றன, அது தனி வீடியோ.

2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நேராக அறுவை முறையில் நெறிகளைச் சோதித்தவர்களில் 18 சதவீதம் பேருக்குத் தேவையில்லாமல் நெஞ்சைத் திறக்க நேர்ந்தது. முதலில் மூச்சுக்குழாய், உணவுக்குழாய் வழியாக ஊசி, அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அறுவைச் சோதனை என்று போனவர்களில் அது 7 சதவீதம்.

[திரையில்: ரிப்போர்ட்டின் மாதிரி]

ரிப்போர்ட் வந்ததும் 4ஆர், 7, 11எல் என்று எண்கள் இருக்கும். நெறிகளின் விலாசம் அது. ஒவ்வொன்றுக்கும் தனியாக முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "கேன்சர் செல் இல்லை" என்று இருந்தால், அதே வரியில் லிம்போசைட், அதாவது நெறியில் இயல்பாக இருக்கும் வெள்ளணு, தெரிந்ததாக இருக்கிறதா என்று கேளுங்கள். லிம்போசைட்டே இல்லை என்றால் ஊசி நெறிக்குள் சரியாகப் போகாமல் இருந்திருக்கலாம், அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் பலமாக இருந்தால் அந்தப் பழைய மீடியாஸ்டினோஸ்கோப்பியை அப்போது செய்வார்கள். கேன்சர் என்று வந்திருந்தால் இன்னொரு கேள்வி: எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கும் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, பிடிஎல்1 சோதனைகளுக்குத் திசு மீதம் இருக்கிறதா?