சட்டைக் கையில் இதயம்: பாராட்டா, குறையா?

சரி, அடுத்த கேள்வி. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். "என் மேனேஜர் என்னைப் பற்றி 'ஷி வேர்ஸ் ஹர் ஹார்ட் ஆன் ஹர் ஸ்லீவ்' என்றார். இது பாராட்டா, குத்தலா? இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது" என்கிறார்.

கவலைப்படாதீர்கள் சகோதரி, இது திட்டு இல்லை. ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. நெஞ்சுக்குள் இருக்க வேண்டிய இதயத்தைச் சட்டைக் கையில் குத்திக்கொண்டு ஒருவர் நடந்தால் எப்படி இருக்கும்? எதிரே வருகிற எல்லோருக்கும் தெரியும் இல்லையா? பாசமோ வருத்தமோ, மறைக்கத் தெரியாதவர் என்று அர்த்தம்.

நிறையப் பேர் இதை 'பட்டென்று பேசுபவர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அதற்கு அவுட்ஸ்போக்கன் என்று தனிச் சொல் இருக்கிறது. அது கருத்தைப் பற்றியது, இது உணர்ச்சியைப் பற்றியது. வாயே திறக்காத ஒருவரையும் இப்படிச் சொல்லலாம், முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தொடர் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவில் முதல் காட்சியிலேயே வருகிறது. 1604-ல் லண்டனில் அரசவை முன் நடிக்கப்பட்ட நாடகம் அது. சொல்பவன் இயாகோ. விசுவாசிபோல் நடித்துக்கொண்டே நாடகத்தின் நாயகன் ஒத்தெல்லோவைக் கவிழ்க்கப் பார்ப்பவன். உள்ளே இருப்பதை வெளியே காட்டினால், இதயத்தைச் சட்டைக் கையில் வைத்துக்கொண்டு காக்கைகளைக் கொத்த விடுவதுபோல் ஆகிவிடும் என்கிறான். பாருங்கள், மனதை மறைப்பவன் வாயிலிருந்துதான் இந்த வார்த்தையே வருகிறது! காட்டினால் காயப்படுவோம் என்ற அந்தப் பயம் இன்றும் இதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பாராட்டாகவும் சொல்கிறார்கள், அக்கறையோடு எச்சரிக்கவும் சொல்கிறார்கள்.

அப்புறம், இது ஒருவரின் சுபாவத்துக்குத்தான் பொருந்தும். நேற்று மீட்டிங்கில் ஒருமுறை அழுதுவிட்டேன் என்பதற்கு இதைப் போடாதீர்கள். ஆளுக்கு ஏற்ப ஐ என்றால் மை, ஹி என்றால் ஹிஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சகோதரி, உங்கள் மேனேஜர் அதற்கு அடுத்து என்ன சொன்னார்? 'அதனால்தான் டீமில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கிறது' என்றிருந்தால் பாராட்டு. 'கிளையன்ட் முன்னால் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும்' என்றிருந்தால் அறிவுரை. அந்த அடுத்த வரியை நினைவுபடுத்தி எழுதுங்கள், இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.