திட்ட என்தால்பி: தண்ணீரா, நீராவியா?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் ஒன் வேதியியலில் திட்ட என்தால்பி மாற்றம், அதாவது திட்ட நிலையில் ஒரு வினை வெளிவிடும் அல்லது உள்வாங்கும் வெப்பம், வந்தாலே வகுப்பில் ஒரு கேள்வி எழும். "சார், 25 டிகிரின்னு போட்டிருக்கே, நெருப்பு 25 டிகிரியிலயா எரியும்?" நியாயமான கேள்விதான். கடலூரில் மே மாதம் நிழலில்கூட 25 டிகிரி கிடைக்காது.

நெருப்பு எவ்வளவு சூடாக இருந்தாலும் பரவாயில்லை. எரிவதற்கு முன் மீத்தேனும் ஆக்சிஜனும் 25 டிகிரியில், 1 பார் அழுத்தத்தில் இருக்கின்றன. எரிந்து வந்த பொருள்களையும் அதே 25 டிகிரிக்குக் குளிரவைத்து, வெளியேறிய வெப்பம் முழுவதையும் கணக்கில் சேர்க்கிறோம். நடுவில் நடந்ததை என்தால்பி கேட்பதே இல்லை. திட்ட நிலைக்குக் கட்டாயம் 1 பார் அழுத்தம்தான். 25 டிகிரி அட்டவணை போடுகிறவர்களின் வழக்கம்.

பிள்ளைகள் சறுக்குவது தண்ணீரில். ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) மீத்தேன் எரிந்து, உண்டான தண்ணீர் நீர்மமாக நின்றால் மைனஸ் 890 கிலோஜூல்; மைனஸ் என்றால் வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள். நீராவியாகவே விட்டுவிட்டால் மைனஸ் 802. மீதி 88 எங்கே? மோலுக்கு 44 வீதம் இரண்டு மோல் நீராவி வைத்துக்கொண்டது. சமன்பாட்டில் நீர்மத்துக்கு l, வாயுவுக்கு g என்று அடைப்புக்குறிக்குள் போடும் அந்த ஓரெழுத்தை நம் பிள்ளைகள் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நெய்வேலியில் அது அலங்காரம் இல்லை. சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். ஒரு கிலோ கரியில் அரைக் கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்கவே சுமார் 1,200 கிலோஜூல் செலவு. அந்த ஆவி புகைபோக்கி வழியே போய்விடும், வெப்பத்தையும் கொண்டுபோய்விடும்.

அப்புறம் ஹெஸ் விதி, 1840இல் வந்தது: எந்த வழியில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றுதான். கிராஃபைட்டையும் ஹைட்ரஜனையும் நேராகச் சேர்த்து மீத்தேன் உண்டாக்கி வெப்பத்தை அளப்பது நடக்கிற காரியம் இல்லை. மூன்றையும் தனித்தனியே எரித்து அளக்கலாமே! கிராஃபைட், அதாவது கார்பனுக்கு மைனஸ் 393.5. ஹைட்ரஜனுக்கு மைனஸ் 285.8, இரண்டு மோலுக்கு மைனஸ் 571.6. கூட்டினால் மைனஸ் 965.1. இதிலிருந்து மீத்தேனின் மைனஸ் 890.3ஐக் கழித்தால் மைனஸ் 74.8, தனிமங்களிலிருந்து ஒரு மோல் மீத்தேன் உண்டாகும்போது வரும் உருவாதல் என்தால்பி அதுதான்.

இதே கணக்கில் ஹைட்ரஜனுக்கு மட்டும் நீராவிக்குரிய மைனஸ் 241.8ஐப் போட்டுப் பாருங்கள். விடை பிளஸ் 13.2 என்று வரும். வெப்பம் உமிழும் வினை, வெப்பம் கொள்ளும் வினையாக மாறிவிடும். விடைத்தாளில் 13.2ஐப் பார்த்த உடனே, அடைப்புக்குறியைப் படிக்காத பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிடும்.