முதல் ஆறு கிழமைகள்

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு வணக்கம். நெடுங்காலம் மருந்தாளராக இருந்தவள் என்ற உரிமையில் பேச வந்திருக்கிறேன்.

ஒரு மாரிக்காலம். மருந்துக் கடை பூட்டும் நேரம். சீட்டை நான்காக மடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு ஓர் இளம்பெண் வந்தாள். 22 வயது இருக்கும். மற்றவர்கள் போகும்வரை பற்பசைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அன்ரி, இது விசர்க் குளிசையா?"

மனச்சோர்வுக்கான மருந்து. ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தது. "இல்லைப் பிள்ளை, பயப்படாதே" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நாங்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். அது போதாது.

இந்த மருந்துகளின் விபரத்தாளில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை ஒன்றைச் சேர்க்கும்படி 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 24 ஆய்வுகளில் 4,400க்கும் மேற்பட்ட சிறுவரும் பதின்வயதினரும் பங்குகொண்டிருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 100க்கு 4 பேரிடமும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. அவற்றில் ஒருவரும் தற்கொலையால் இறக்கவில்லை. 2007இல் அந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டப்பட்டது.

இதைக் கேட்டுவிட்டுக் குளிசையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கவனிக்காமல் விட்ட மனச்சோர்வும் உயிரைக் குடிக்கும். மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நான் கேட்பது துணை ஒன்றைத்தான். மனம் தெளிய இரண்டு முதல் ஆறு கிழமை செல்லும். அதற்கு முன்பே சிலருக்கு நித்திரை குழம்பும், நெஞ்சு அந்தரிக்கும், ஓரிடத்தில் இருக்க முடியாது. அளவு மாற்றும் நாட்களிலும் இப்படி வரலாம். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் டொக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

டொக்டர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். முதல் தடவை ஒரு கிழமைக்கு மட்டும் எழுதி, திரும்ப வரச் சொல்லுங்கள். நுண்கடன்காரன் வாசலில் நிற்கிறானா, குழந்தை பிறந்து எத்தனை மாதம், வீட்டில் அடி விழுகிறதா என்றும் விசாரியுங்கள். குளிசை கடனை அடைக்காது.

1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேரில் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. சாக நினைத்த கணத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்ததே பலரைக் காப்பாற்றியது. வீட்டில் வைத்திருக்கும் மருந்துக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. தற்கொலை முயற்சி 1998இலிருந்து நம் நாட்டில் குற்றமல்ல. பொலிசுக்குப் பயந்து ஒருவரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். 1926 என்ற தொலைபேசி இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தினுடையது. இரவிலும் அழைக்கலாம்.

அன்று அந்தப் பெண்ணிடம், வீட்டில் யாரை நம்புவாய் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து, "சித்தி" என்றாள். அங்கிருந்தே சித்திக்குத் தொலைபேசி எடுத்தாள். மழைக்குள் சைக்கிளில் வந்த சித்தி பொட்டலத்தை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இனி ஒவ்வொரு இரவும் நான்தான் தருவேன்" என்றார்.