காசுவாலிட்டி கதவுக்கு வெளிய நிக்கிறவங்க

வணக்கம் நேயர்களே. ஜிஎச் காசுவாலிட்டில ரொம்ப வருஷம் நர்ஸா இருந்தவ நான், இப்ப ரிட்டயர்டு. 2024 நவம்பர்ல சென்னை கிண்டி ஆஸ்பத்திரில ஒரு கேன்சர் டாக்டரை, அவர்கிட்ட வைத்தியம் பார்த்துட்டிருந்த அம்மாவோட மகனே கத்தியால குத்தினாரு, ஞாபகம் இருக்கும். அதெல்லாம் பேப்பர்ல வரும். சிஸ்டர் கன்னத்துல விழுற அறை, ட்ரிப் ஸ்டாண்டைத் தூக்கி வீசுறது, இதெல்லாம் எங்க வருது? மறுநாள் அதே சிஸ்டர் அதே ட்யூட்டிக்கு வரணும்.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஒரு நைட் பூச்சிமருந்து குடிச்ச பையனைக் கொண்டு வந்தாங்க, கூடவே வேன் நிறைய ஊர்க்காரங்க. இந்த கேசுக்கு அட்ரோபின்னு விஷமுறிவு ஊசி போட்டுக்கிட்டே இருக்கணும், அது ஏற ஏற முகம் சிவந்து, வாய் வறண்டு, பேஷண்ட் கண்டபடி உளறுவாங்க, மூக்குல போட்ட ட்யூபைப் பிடுங்குவாங்க, அதனால கையைத் துணியால கட்டில்ல கட்டி வெப்போம். கதவு இடுக்கு வழியா அண்ணன்காரன் அதைப் பார்த்துட்டான். "என் தம்பியைக் கட்டிப்போட்டு சாகடிக்கிறீங்களாடி"ன்னு உள்ள பாஞ்சு அட்டெண்டர் சட்டையைப் பிடிச்சிட்டான். பாவம், அந்த மனுஷன் ஸ்ட்ரெச்சர் தள்ளினதைத் தவிர ஒண்ணும் பண்ணல! நான் கட்டை அவுத்துட்டு, "தம்பி, இந்தக் கையை நீயே பிடிச்சுக்கோ, ட்யூபை இழுக்காம பாத்துக்கோ"ன்னேன். ரெண்டு நிமிஷத்துல அவனுக்கே புரிஞ்சிடுச்சு. விடியற வரைக்கும் பிடிச்சிட்டே உக்காந்திருந்தான்.

அடிச்சது சரின்னு சொல்லல, அடிச்சவன் ஸ்டேஷனுக்குப் போகத்தான் வேணும். ஆனா வெளிய நிக்கிறவனுக்கு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம மூணு மணி நேரம் நிப்பான், அதுக்குள்ள கூட்டத்துல ஒருத்தன் "சீரியஸா பாக்கலப்பா"ன்னு கிளப்பி விட்டுடுவான், அவன் சொந்தக்காரனாக்கூட இருக்க மாட்டான். நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான், வெளிய வந்து நிலவரம் சொல்றதுக்குன்னே ஒரு ஆளைப் போடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை, புதுசா ஒண்ணும் இல்லைன்னாலும் "அப்படியேதான் இருக்கார், ஊசி போயிட்டிருக்கு"ன்னு சொன்னா போதும். அதையும் நர்ஸ் தலைலயே கட்டாதீங்க, ஐம்பது பேஷண்ட்டுக்கு ரெண்டு பேர் ஓடிட்டிருப்போம். நீங்களும் வேன் நிறைய வராம, குடும்பத்துல விவரமான ஒருத்தரை நிப்பாட்டுங்க.

ஐயோ, ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. நைட் ட்யூட்டி முடிச்சு பஸ்ஸுக்கு நடந்து போற பிள்ளைங்க பத்தி நிறைய வெச்சிருந்தேன்... சரி, சட்டத்தை மட்டும் சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 2008லயே தனிச் சட்டம் இருக்கு, ஆஸ்பத்திரி ஆளைத் தாக்கினா 3 வருஷத்துலருந்து 10 வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஆகஸ்ட்ல மத்திய சுகாதாரத் துறையும், சம்பவம் நடந்த 6 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி தலைமையே எஃப்ஐஆருக்கு ஏற்பாடு பண்ணணும்னு ஆர்டர் போட்டிருக்கு. அடி வாங்கின சிஸ்டர் தனியா ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரித் தலைமைல இருக்கிற டீன்தான் அதைப் பாத்துக்கணும். நன்றி, வணக்கம்.