பாட்டு ஓடும்போதே அளந்து பாருங்கள்: கார் ஆம்ப் கரண்ட் கோளாறு

(திரையில்: மழையில் குமுளி மலைப்பாதை. வரிசையில் நிற்கும் வேன்கள், ஜீப்புகள்.)

வணக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரைக்கும் சபரிமலை வண்டிகள்தான். அந்த வரிசையில் நிற்கிற வேன்களில் அடிக்கடி நடப்பது இது. மலை ஏறும்வரை நன்றாகப் பாடிய செட், செக்போஸ்ட் பக்கம் வண்டி நின்றதும் விட்டு விட்டுப் பாடும். பேஸ் அடிக்கிற இடத்தில் அணையும், தானாகவே மறுபடி வரும். ஊர் திரும்பியதும் "ஆம்ப் போயிடுச்சு" என்று, அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் அதே இடத்தில் அணைகிறது.

காரணம், இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்புக்குள் இருப்பதில்லை. கரண்ட் வந்து திரும்பும் பாதையில் இருக்கிறது. அதிலும் எர்த்தில், அதாவது கரண்ட் வண்டியின் பாடி இரும்பு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பில். கம்பத்துக்காரருக்கும் வண்டிப்பெரியாறுக்காரருக்கும் இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டையும் வாங்கும் மலை இது. ஈரமும் சேறும் வண்டியின் அடித்தளத்தில் உள்ள ஒவ்வொரு போல்ட்டையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

(திரையில்: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர்.)

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட், 20 ரேஞ்சில் வையுங்கள். ஆம்பியர் பக்கத்தில் வைத்து பேட்டரியைத் தொடாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

கரண்டுக்காக ஆம்ப்புக்கு மூன்று வயர் போகும்: பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்ப்பையும் ஆன் ஆகச் சொல்லும் வயர்). ஆம்ப்பில் லைட்டே எரியவில்லை என்றால் செட்டை ஆன் செய்துவிட்டு, முதலில் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சரி. வரவில்லையா? கருப்பு முனையை ஆம்ப்பின் எர்த்திலிருந்து எடுத்து, பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள். இப்போது 12 வந்தால் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸுக்குப் போங்கள். ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம், கருப்பு முனை பாடியில் இருக்க, சிவப்பு முனையை ஃப்யூஸின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் 12 வர வேண்டும். கண்ணாடி ஃப்யூஸ் என்றால் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, பிளாஸ்டிக் இளகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளஸ் சரி, ரிமோட்டில் மட்டும் வோல்ட் இல்லை என்றால் ஸ்டீரியோவின் சிக்னல் ஆம்ப்புக்கு வந்து சேரவில்லை. ஒரு சிறிய வயரால் ஆம்ப்பின் பிளஸ்ஸிலிருந்து ரிமோட் முனையை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். லைட் எரிந்தால் ஆம்ப்புக்கு உயிர் இருக்கிறது, கோளாறு ரிமோட் வயரில் அல்லது ஸ்டீரியோவில். அந்த வயர் எர்த்திலோ பாடியிலோ பட்டுவிடக் கூடாது, கவனம்.

(திரையில்: டிக்கியில் ஆம்ப். மீட்டர் 12.6 காட்டுகிறது.)

இனிமேல்தான் முக்கியமான பகுதி. லைட் எரிகிறது, மீட்டரும் 12.6 காட்டுகிறது, ஆனாலும் சத்தம் கூட்டினால் அணைகிறது. மெக்கானிக்கும் "கரண்ட் சரியா வருதே" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. பாட்டு ஓடாதபோது வயரில் கரண்ட் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. கரண்ட் ஓடாத இடத்தில் வோல்ட் விழாது. முழு வயரும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அதே 12.6-ஐத்தான் காட்டும்.

அதனால் லோட் கொடுத்து, அதாவது ஆம்ப் கரண்ட் இழுக்கும்போதே அளக்க வேண்டும். போனில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை எடுத்து, நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில் சில நொடிகள் மட்டும் ஓட விடுங்கள். அதிக நேரம் விட்டால் வூஃபரின் காயில் சூடேறிவிடும். பாட்டில் மீட்டர் எண் ஆடிக்கொண்டே இருக்கும், டோனில் நிலையாக நிற்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். டோன் ஓடும்போதே ஆம்ப்பின் முனையிலும் அளங்கள். பேட்டரியில் 13.8, ஆம்ப்பில் 11 என்றால் நடுவே எங்கோ கிட்டத்தட்ட 3 வோல்ட்டை வயர் விழுங்குகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்து, நீளமான வயர் ஒன்றைக் கட்டி மறு முனையை ஆம்ப்பின் எர்த்துக்குக் கொண்டுபோங்கள். டோன் ஓடட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட் தாண்டினால் எர்த்தைக் கழற்றுங்கள். பிளஸ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்ப் பிளஸ்ஸுக்கு. அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

கணக்கு எளிது. ஆம்ப் 40 ஆம்பியர் இழுக்கும்போது துருவால் 0.05 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். பல ஆம்ப்கள் 10 வோல்ட் அருகே தம்மை அணைத்துக்கொள்ளும். செக்போஸ்ட்டில் ஏன் அணைகிறது என்பது இப்போது புரியும். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கரண்ட் தரும். மழைக்கு ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓடுகின்றன. ஏற்கெனவே குறைந்த வோல்ட்டில், கெட்ட எர்த் மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுகிறது.

(திரையில்: உப்புத்தாளால் இரும்பைத் தேய்க்கும் கை.)

எர்த்தைச் சரிசெய்ய, முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஆம்ப்புக்கு அரை மீட்டருக்குள் கெட்டியான பாடி இரும்பாகப் பாருங்கள். பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயருக்கு லக் (வளைய முனை) அடித்து, போல்ட், நட், பல் வாஷரோடு இறுக்குங்கள். அப்புறம் மேலே கிரீஸ் பூசிவிடுங்கள், ஈரம் இறங்காது. மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ அடிப்பது நிற்காது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள், அது உயிர் காக்கிற போல்ட். புது ஓட்டை போடுவதாக இருந்தால் கீழே டீசல் டேங்க், பைப் இல்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பேட்டரி மைனஸ் பாடியில் சேரும் இடத்தையும் இதே மாதிரி சுத்தம் செய்யுங்கள். அதை மறப்பவர்கள் நிறைய.

பிளஸ் பக்கம் வோல்ட் விழுந்தால் வயரின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சுத்தமான செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். மலிவு கிட்டுகளில் இதுதான் அதிகம். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்) ஆம்ப்புக்கு 4 கேஜ் செம்பு வாங்குங்கள், அந்தச் செலவுக்கு மனம் வருந்த வேண்டாம்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருந்தே ஆக வேண்டும். வயர் எஞ்சின் அறைச் சுவரைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் இல்லாவிட்டால், உராய்ந்து உராய்ந்து ஒரு நாள் பாடியில் ஷார்ட் ஆகும். ஃப்யூஸ் போகிறதென்று பெரிய ஃப்யூஸ் போடுவதும் ஈயத்தாள் சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். உள்ளே குழந்தைகளும் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் சிவப்பு புரொடெக்ட் லைட் எரிந்தால், ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்சிஏவையும் (ஸ்டீரியோவிலிருந்து பாட்டு வரும் கேபிள்) கழற்றி, மூன்று வயர்களோடு மட்டும் ஆன் செய்யுங்கள். பச்சைக்கு மாறினால் கோளாறு வெளியே: ஸ்பீக்கர் வயர் பாடியில் பட்டிருக்கலாம், அல்லது ஓம் குறைந்திருக்கலாம். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.5 அளவில் காட்டும். அப்படி இரண்டை இணையாகச் சேர்த்தால் 2 ஓம். பிரிட்ஜில் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும்போது) 4 ஓம் கேட்கும் ஆம்ப் அதைத் தாங்காது.

ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஏறும் கீச்சுச் சத்தம் வேறு விஷயம். ஆர்சிஏவைக் கழற்றியதும் நின்றால், ஆம்ப் எர்த்தையும் ஸ்டீரியோ எர்த்தையும் சரிபார்த்து, ஆர்சிஏ கேபிளைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக இழுங்கள்.

மூன்று வயர் மட்டும் இருந்து, முனையில் 12 வோல்ட்டுக்கு மேல் நின்றும் சிவப்பு அணையவில்லை என்றால், அப்போது ஆம்ப்பைக் கழற்றி சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி அதன் மேலே ஒட்டிக் கொடுங்கள்.